கப்பலின் சரக்கறைக்குள் இறங்க மறுக்கும் உரிமை துறைமுகத் தொழிலாளருக்கு உண்டா?

கேள்வி:
என் தம்பி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஸ்டீவ்டோர் (கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர்) ஒருவரிடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். மரத்தடி ஏற்றி வந்த வெளிநாட்டுக் கப்பலொன்றில் காற்றைச் சோதித்தார்களா என்று அவன் கேட்டதற்கு, "ஹட்ச் (சரக்கறையின் மேல்வாய்) மூடி திறந்துதானே கிடக்கிறது, இறங்கு" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். மறுத்தால் மறுநாள் வேலை கிடைக்காது என்ற அச்சத்தில் இறங்கிவிட்டான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவனைப் போன்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு தருகிறது?

மறுமொழி 1:
நான் கப்பலில் அதிகாரியாக இருந்தவன். ஹட்ச் திறந்திருப்பது எதற்கும் சான்றாகாது. மரத்தடியும் நிலக்கரியும் பயணத்தின்போதே காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுகின்றன. சரக்கறையைத் திறந்த பிறகும் அதையொட்டி, கீழே இறங்கும் ஏணியை அடைத்திருக்கும் ஏணிக் கூண்டுக்குள் அந்தக் கெட்ட காற்று அப்படியே தேங்கி நிற்கும். இயல்பாக 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துவிட்டால், மூச்சு முட்டுவது போன்ற எச்சரிக்கைகூட இல்லாமல் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்கப் பதறியடித்து இறங்குபவரும் அங்கேயே விழுகிறார். இது திரும்பத் திரும்ப நடக்கிறது. சோலாஸ் எனும் பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி 2016 ஜூலை 1 முதல் கப்பல்கள் கையடக்க வாயு அளவி வைத்திருக்க வேண்டும் என்பதால், கருவி இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டாம். ஏணிக் கூண்டுக்குள் குழாயை இறக்கி, மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் அளக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்றே இருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நீங்கள் குறிப்பிட்ட, 2020இல் இயற்றப்பட்ட தொகுப்பில் அடங்கிவிட்டது. அத்தொகுப்பின் 14ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை வேலையளிப்பவரிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். வேலையளிப்பவர் உடன்படாவிட்டால் ஆய்வாளரின் முடிவே இறுதியானது. கடமை தவறியதால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

மறுமொழி 3:
மறுமொழி 2இல் வழக்கறிஞர் ஐயா சொன்னது சரிதான். ஆனால் ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும் வரை வேலை நிற்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லையே? இடைப்பட்ட நேரத்தில்தான் ஆள் இறங்குகிறான். உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொண்ட தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இலேயே கூறியது; 2022இல் அது அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாகவும் உயர்த்தப்பட்டது. அதே பாதுகாப்பு நம் சட்டத்திலும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். வாயு அளவீட்டைத் தொழிலாளியின் கண்ணெதிரே குறித்துக் காட்டாமல் யாரையும் இறக்கக் கூடாது என்ற விதியும் அதனுடன் சேர வேண்டும். எங்கள் சங்கம் இவ்விரண்டையும் கோரிக்கையாக வைத்திருக்கிறது. உங்கள் தம்பி தனியாக எழுதிக் கொடுத்தால் பழிவாங்கப்படலாம். சங்கத்தின் வழியாகவோ பாதுகாப்புக் குழுவின் வழியாகவோ, கப்பலின் பெயரும் தேதியும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.