எல்எல்.எம். பாடத் தேர்வு: எவை கட்டாயம், எவை விருப்பம்? வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்

கடலூர் முதுநகர்:
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்துவிட்டு, எல்எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் படிப்புக்காக மூன்று வாரங்களுக்கு முன் அமெரிக்கா வந்தேன். ஆர்பிட்ரேஷன் (நடுவர் வழித் தீர்வு), அறிவுசார் சொத்துரிமை, கடல்சார் சட்டம் ஆகிய விருப்பப் பாடங்களைப் பதிவு செய்திருந்தேன். உடன் படிக்கும் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இப்படி எடுத்தால் இங்கே வழக்கறிஞராவதற்கான பார் தேர்வே எழுத முடியாது என்றார், அன்றிலிருந்து தூக்கமில்லை. பாடங்களை மாற்றிக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை வரைதான் அவகாசம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ருட்டி:
தம்பி, எல்எல்.எம். எதற்கு? அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜே.டி. படிப்பில் சேர்ந்திருக்கலாமே. அதில் முதல் ஆண்டில் ஒப்பந்தம், டார்ட்ஸ் (தீங்கியல் சட்டம்), சொத்துரிமை, குற்றவியல், உரிமையியல் நடைமுறை என்று ஏறக்குறைய எல்லாமே கட்டாயப் பாடங்கள் என்பதால் தேர்வு செய்யும் குழப்பமே இராது. நான் அப்படித்தான் படித்தேன். பேராசிரியர் திடீரென்று பெயரைச் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயத்தில் முதல் நான்கு மாதங்கள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நெல்லிக்குப்பம்:
என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். கருத்தரங்குப் பாடத்துக்காக நாற்பது பக்கக் கட்டுரை எழுதினேன். அதுவே சட்ட ஆய்வு, எழுத்துப் பயிற்சிக்கான கிரெடிட்டாகக் (பாட அலகாக) கணக்கில் சேரும் என்று நம்பினேன். சேரவில்லை. அலுவலகத்தில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாததால் இன்னொரு செமஸ்டர் தங்க நேர்ந்தது. அதற்கான கட்டணத்துக்கு அப்பா கரும்பு நிலத்தை அடமானம் வைத்தார்.

வில்லியனூர்:
நியூயார்க் என்றால் பயப்பட வேண்டாம். நம் பட்டம் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைச் சேர்ந்தது, எல்எல்.எம். இல்லாமலேயே தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை:
அப்படி உறுதியாகச் சொல்லாதீர்கள். புதுச்சேரி என்றதும் பிரெஞ்சுச் சட்டம் படித்தவர் என்று நினைத்துவிட்டால்?

வில்லியனூர்:
நினைக்க இடமில்லை. பிரெஞ்சு சிவில் சட்டம் இங்கே 1881 ஆணையின்படி சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தோருக்குப் பொருந்துவது. கல்லூரியில் நாம் படித்தது இந்தியச் சட்டம்.

பண்ருட்டி:
எதுவானாலும், கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறவர்கள் எது எதற்குக் கணக்காகும் என்பதை ஒரு தாளில் எழுதித் தரக்கூடாதா? ஊரில் பார் கவுன்சில் பட்டியலாவது கையில் இருந்தது.

லாஸ்பேட்டை:
ஆதங்கம் நியாயமானது, ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. கேட்டவர் எந்த மாநிலத்தில் வழக்கறிஞராக விரும்புகிறார், அல்லது ஊர் திரும்பி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடப் போகிறாரா என்பதே தெரியாமல் எல்லோரும் பதில் சொல்கிறோம்.

கடலூர் முதுநகர்:
மன்னிக்கவும், அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். நியூயார்க்கில்தான் எழுத விரும்புகிறேன். தேர்வு வாரியத்திடம் தகுதி மதிப்பீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. தொழில் நெறிமுறையை ஊரிலேயே படித்துவிட்டதால் இங்கே விட்டுவிட்டேன். உங்கள் தங்கைதான், தம்பி இல்லை.

லாஸ்பேட்டை:
அதை விடாதே, அம்மா. நீ படித்தது 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வரும் நெறிமுறை. இங்கே கேட்பது அமெரிக்க வழக்கறிஞர் தொழிலின் விதிகள். உன் பட்டம் மட்டுமே போதும் என்று வாரியம் சொல்லலாம், ஆனால் அந்தப் பதில் கைக்கு வரும்வரை எல்எல்.எம். மூலம் தேர்வெழுதத் தகுதி பெறும் வழியை மூடிவிடக் கூடாது. அந்த வழியில் குறைந்தது 24 கிரெடிட்கள் வேண்டும். அவற்றுள் தொழில் நெறிமுறைக்கு 2, சட்ட ஆய்வுக்கும் எழுத்துக்கும் 2, அமெரிக்கச் சட்டமுறைக்கு 2, பார் தேர்வில் வரும் பாடங்களுக்கு 6. ஆக 12 கட்டாயம். மீதி 12 உன் விருப்பம். நெல்லிக்குப்பத்தார் சொன்னது போல, வேறொரு பாடத்துக்காக எழுதும் கட்டுரை எழுத்துப் பயிற்சிக்கு ஈடாகாது. எம்.பி.ஆர்.இ. என்ற நெறிமுறைத் தேர்வு தனி; அதை எழுதுவதால் பாடம் கழிந்துவிடாது. நியூயார்க்கில் அதற்கு 85 மதிப்பெண் வேண்டும்.

கடலூர் முதுநகர்:
கடல்சார் சட்டத்தை விட மனம் வரவில்லை, துறைமுகத்தருகே வளர்ந்தவள். அறிவுசார் சொத்துரிமையை நீக்கிவிட்டேன். எழுத்துப் பயிற்சியும் சாட்சியச் சட்டமும் ஒரே நேரத்தில் வருகின்றன. எதை எடுக்கட்டும்?

லாஸ்பேட்டை:
எழுத்துப் பயிற்சி. அதற்கு மாற்றுப் பாடம் கிடையாது; தேர்வுப் பாடங்களில் ஒப்பந்தமும் டார்ட்ஸும்கூட உண்டு. சாட்சியச் சட்டம் வசந்த செமஸ்டரில் வருமா என்று இன்றே பதிவாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்து. மதிப்பீட்டு விண்ணப்பத்தையும் இந்த வாரமே அனுப்பு; பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம்.