பேக் லைனை பார்சிலோனா மாதிரி ஏற்றலாமா, இறக்கணுமா?

தூத்தூர்_பந்துகளி:
2025 மே 24 லிஸ்பன் ஃபைனலை, பெண்கள் சாம்பியன்ஸ் லீக் கால்பந்துதான், நம்ம 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். ஆர்சனல் 1-0. தோற்றாலும் பார்சிலோனா ஆட்டம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போச்சு. இப்போ தடுப்பு ஆடுகிற நாலு பேக்கும் நடுக்கோடு வரை ஏறி நிற்கிறார்கள். கடற்கரை மணலில் அருமையாக நடக்கிறது. கட்டாந்தரை கிரவுண்டில் பதினொரு பேர் ஆடும் லெவன்ஸ் போனால் பின்னால் விழுகிற பந்தெல்லாம் கோல். லைனை இறக்கிடவா?

குளச்சல்_ஸ்டாப்பர்:
மணல் உங்களை ஏமாற்றுது தம்பி. பேக்குகளுக்குப் பின்னால் போகிற த்ரூ பாஸ் மணலில் ரெண்டு உருளலில் நின்றுவிடும், திரும்பி ஓடி எடுத்துவிடலாம். கட்டாந்தரையில் அதே பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், ஃபார்வர்டுக்கு அது பரிசு. பந்துக்குள் காற்றையும் பாருங்க. பீச் சாக்கர் பந்துக்கு விதிப்படி 0.4 முதல் 0.6 அட்மாஸ்பியர் வரைதான் காற்றழுத்தம், சாதாரண பந்துக்கு 0.6 முதல் 1.1. மணலுக்காகக் காற்றை இறக்கிய பந்திலேயே பழகினால் டூர்னமெண்ட் பந்தின் வேகம் பிடிபடாது. கட்டாந்தரை கிடைக்காத நாளில் கடல் உள்வாங்கும் நேரத்து ஈரமணலில் போடுங்க, அது கெட்டி.

இன்னொண்ணு, லிஸ்பன் கோல் நீளப் பந்தில் வந்ததே இல்லை. 67-ஆவது நிமிடம் பெத் மீடும் ஸ்டினா பிளாக்ஸ்டேனியஸும் சப்பாக இறங்கினார்கள். 74-இல் பாக்ஸ் பக்கத்தில் மீட் ஒரு சின்ன பாஸ் தள்ளினார், பிளாக்ஸ்டேனியஸ் அடித்தார். பாஸ் கொடுப்பவளை நெருக்க ஆள் இல்லை என்றால் லைன் எங்கே நின்றாலும் உடையும்.

மணவாளக்குறிச்சி_லைன்ஸ்மேன்:
ஆஃப்சைடை, அதாவது பாஸ் அடிக்கும்போது நம்ம பேக்குகளைத் தாண்டி நிற்கிற ஃபார்வர்டைப் பிடிக்கிற விதியை, நம்பி ஏறாதீங்க. ஏழு பேர் ஆடும் செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடே கிடையாது. அதில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஏறும் பழக்கம் இருக்காது. ஒரு விங் பேக் ரெண்டடி பிந்தினால் போதும், எதிராளி எல்லாரும் ஆன்சைடு. ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவது அதைவிட மோசம். அந்த ஃபைனலில் முதல் பாதி ஆர்சனல் கோலை வீஏஆர் என்கிற வீடியோ ரெஃப்ரி பார்த்து ஆஃப்சைடு என்று எடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் கொடி தூக்க ஆள் கிடைத்தாலே பெரிசு.

தூத்தூர்_பந்துகளி:
சரி அண்ணே, அப்போ எவ்வளவு தூரத்தில் நிறுத்த? எப்படிப் பழக்க?

குளச்சல்_ஸ்டாப்பர்:
கோலிலிருந்து 35 மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். கோலி, அதாவது கோல்கீப்பர், பெனால்டி பாக்ஸ் விளிம்பில், அதாவது 16.5 மீட்டரில் நிற்கட்டும். இடைவெளி 20 மீட்டருக்குள் அடங்கிவிடும், பின்னால் விழும் பந்துக்கு அவளே முதலில் போய்ச் சேருவாள். கோலி கோல்கோட்டிலேயே நின்றால் இந்தக் கணக்கே கிடையாது.

பயிற்சிக்கு 40-க்கு 30 மீட்டர் கட்டம் போதும். நாலு பேக், ஒரு கோலி, எதிரில் மூணு ஃபார்வர்டு. கட்டத்தின் அந்த முனையில் ரெண்டு பேர் பாஸ் கொடுக்க, அவர்களை நெருக்க நம்ம மிட்ஃபீல்டர் ஒருத்தி. பந்து வைத்திருப்பவள் முதுகு காட்டினாலோ, நம்மாள் ரெண்டு மீட்டருக்குள் போனாலோ "ஏறு". அவள் தலை நிமிர்ந்து, நெருக்க ஆள் இல்லாமல் நின்றால் "இறங்கு", பாஸ் வரும் முன்னே அஞ்சு மீட்டர். கூவுவது ஒரே குரல், நடு பேக்கான ஸ்டாப்பரோ கோலியோ. ரெண்டு பேர் கூவினால் பாதி ஏறும், பாதி இறங்கும். நாலு நிமிடம் ஆட்டம், ரெண்டு நிமிடம் ஓய்வு, நாலு சுற்று.

நிற்கிற விதத்தையும் பார்த்துக்கோங்க. பந்தைப் பார்த்து நெஞ்சை நேராகக் காட்டி நின்றால் திரும்பவே ஒரு நொடி போகும். ஒரு தோளைத் தன் கோல் பக்கம் சாய்த்து, ஒரு கால் பின்னால் வைத்து நிற்கணும்.

மணவாளக்குறிச்சி_லைன்ஸ்மேன்:
பின்னேரம் ஆட்டம் என்றால் கடல்காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு டாஸுக்குப் போங்க. எதிராளி காற்றோடு அடிக்கிற பாதியில் 35-ஐ 30 ஆக்கிக்கிடுங்க.