'ஷெர்லாக்' முதல் அத்தியாயம்: கடிகாரம் கைப்பேசி ஆனது சரி, ஹோம்ஸ் ஹோம்ஸாக இருக்கிறாரா?

வெண்பனி:
பிபிசியின் 'ஷெர்லாக்' 2010-இல் வந்தது. எனக்கு நேற்றிரவுதான் வாய்த்தது. ஆர்தர் கானன் டாயல் எழுதிய பழைய துப்பறிவாளர் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்கு இழுத்து வந்தால் கெட்டுப்போகும் என்று நினைத்தே இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன். தேவையே இல்லாத பயம். (கொலையாளி யார் என்பது வரை இங்கே பேசுவோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

என்னைக் கட்டிப்போட்டது கைப்பேசிக் காட்சி. டாயலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்து, இதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பார். சாவி போடும் துளையைச் சுற்றி ஆயிரம் கீறல். நிதானமாக இருப்பவர் கை இப்படித் தடுமாறாது, ஆகவே குடிகாரர் என்பார் ஹோம்ஸ். தொடரில் அதுவே கைப்பேசி, சார்ஜர் செருகும் இடத்தில் கீறல்கள். பொருள்தான் மாறியிருக்கிறது, யோசிக்கும் முறை மாறவே இல்லை.

வாட்சனின் காயத்தையும் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்துக்கு மூலமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் அவர் 1880-இல் மைவாண்ட் போரில் அடிபட்டு ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர். தொடரில் ஷெர்லாக் அவரைக் கேட்கும் முதல் கேள்வி, "ஆப்கானிஸ்தானா, ஈராக்கா?" 130 வருடம் கழித்தும் அந்த நாட்டின் பெயரை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பழையபதிப்பு:
தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கடிகாரக் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். அது எப்படி முடிகிறது என்று நினைவிருக்கிறதா? இறந்துபோன அண்ணனின் குடிப்பழக்கத்தை ஹோம்ஸ் புட்டுப்புட்டு வைத்ததும் வாட்சன் கொதித்துப்போய் எழுந்து நடப்பார். உடனே ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்பார். இதை வெறும் புதிராகவே பார்த்துவிட்டேன், உங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதை மறந்துவிட்டேன் என்பார். அந்த மன்னிப்புதான் எனக்கு ஹோம்ஸ். தொடரில் அது எங்கே? அங்கே வாட்சன் "அற்புதம்" என்கிறார், இவர் பூரித்துப்போகிறார். இன்னொரு இடத்தில் தன்னைத் தானே 'சோசியோபாத்' (மற்றவர் உணர்வு உறைக்காதவன்) என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். டாயலின் ஹோம்ஸ் வீட்டுக்கு வந்து அழுபவர்களை உட்காரவைத்து, ஆறுதல் சொல்லி, பிறகே விசாரிப்பவர். 1984-இல் கிரனாடா டிவியின் தொடரில் ஹோம்ஸாக வந்த ஜெரமி பிரெட்டுக்கு முரட்டுத்தனமும் இருந்தது, அந்தக் கனிவும் இருந்தது.

மருதாணி:
ஐயா, நாவலையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் வாட்சன் எழுதுகிறார்: அழகைப் புகழ்ந்தால் பெண் மகிழ்வதுபோல, தன் கலையைப் புகழ்ந்தால் ஹோம்ஸ் மகிழ்வார் என்று. ஆக அந்தப் பூரிப்பு டாயல் எழுதியதுதான். தொடரில் அது இன்னும் ஆழமாகப் போகிறது. வழக்கமாக எல்லாரும் "போய்த் தொலை" என்பார்கள் என்கிறான் ஷெர்லாக். அதுவரை ஒருவரும் அவனைப் பாராட்டியதில்லை என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. நான் அதைத் திமிராகப் பார்க்கவில்லை.

மன்னிப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செத்துக்கிடக்கும் பெண் 14 வருடத்துக்கு முன் இறந்தே பிறந்த தன் மகளின் பெயரைத் தரையில் நகத்தால் கீறியிருக்கிறாள். இவ்வளவு காலம் கழித்தும் ஏன் வருத்தம் என்று ஷெர்லாக் கேட்கிறான். அறையே உறைந்துபோகிறது. அவன் மெதுவாக வாட்சனைப் பார்த்து, "நான் சொன்னது சரியில்லையா?" என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு நண்பனிடம் கேட்கிறான். நாவலின் ஹோம்ஸுக்கு அது ஏற்கெனவே தெரியும். இவன் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

திரைமூலை:
அந்தப் பெயர் விளையாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! நாவலில் சுவரில் ரத்தத்தால் 'ராக்கே' (Rache) என்று எழுதியிருக்கும். போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் அது முடிக்காமல் விட்ட 'ரேச்சல்' (Rachel) என்று நினைப்பார், ஜெர்மனில் பழிவாங்கல் என்று ஹோம்ஸ் திருத்துவார். தொடரில் ஜெர்மன் என்று சொல்பவன் தடயவியல் ஆள் ஆண்டர்சன், ரேச்சல்தான் என்று சொல்வது ஷெர்லாக். புத்தகம் படித்தவர்களையே ஏமாற்றியிருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பிடிக்காதது திரையில் மிதக்கும் எழுத்துகள். நிருபர்களின் கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் "தவறு" என்று வரும் இடம் அருமை. ஆனால் மோதிரத்தைப் பார்க்கும்போது 'அழுக்கு', 'சுத்தம்' என்று எழுத்து வந்துவிடுகிறது. நான் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் சொல்லிவிட்டால் எப்படி?

பழையபதிப்பு:
"சரியில்லையா?" என்று கேட்கும் இடத்தை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். மருதாணி சொன்னது நியாயம்தான் அம்மா, அதை மறுபடி பார்க்கிறேன்.

ஆனால் கொலையாளி விஷயத்தில் இறங்கிவர முடியாது. நாவலிலும் வண்டி ஓட்டுபவர்தான் கொலையாளி, ஜெஃபர்சன் ஹோப். காதலித்த லூசியைக் கட்டாயக் கல்யாணத்தில் இழந்தவர். அவள் அதிலேயே ஏங்கிச் செத்துப்போகிறாள். காரணமானவர்களை 20 வருடம் கண்டம் விட்டுக் கண்டம் துரத்தி லண்டன் வரை வருகிறார். கையில் இரண்டு மாத்திரை: ஒன்றில் விஷம், மற்றது வெறும் மாத்திரை. எதிரியை ஒன்றை எடுக்கச் சொல்லி, மிச்சத்தைத் தானே விழுங்குகிறார். நீதியைக் கடவுள் கையில் விடுகிறார். தொடரின் டாக்ஸி டிரைவருக்கோ செத்தவர்கள் யாரென்றே தெரியாது. ஒவ்வொரு கொலைக்கும் யாரோ தரும் பணம் பிள்ளைகளுக்குப் போகிறது. மாத்திரையை வைத்துக்கொண்டார்கள், அந்த மனிதனின் துக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் விளையாட்டும் அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. பழிவாங்கல் என்ற சொல்லே கதைக்குத் தேவைப்படாமல் போய்விட்டது.

வெண்பனி:
ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாட்சனாக வரும் மார்ட்டின் ஃப்ரீமன் அடுத்த கட்டடத்து ஜன்னல் வழியாகச் சுட்ட வேகத்தில் நான் டிரைவரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அப்படி யோசிக்கவிடாமல் செய்தது தொடரின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மருதாணி:
நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாவலில் ஹோப்பின் துக்கத்தைச் சொல்வதற்காகக் கதை பாதியில் லண்டனை விட்டு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போய்விடும். ஹோம்ஸையே பல பக்கங்களுக்குக் காணோம். தொடர் அந்த இடத்தை வாட்சனுக்குக் கொடுத்தது. மனக் காயத்தால் நொண்டியவன் ஊன்றுகோலை உணவகத்தில் மறந்துவிட்டு ஓடுகிறானே, எனக்கு அது போதும்.

பழையபதிப்பு:
எனக்குப் போதாது அம்மா. யூட்டா பகுதியைத் தாண்டிப்போகாமல் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு வாருங்கள், நானும் அதற்குள் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்துவிடுகிறேன்.