மறு: காற்றாலையின் 'யா'வுக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாள் ஊரில் இல்லை, அதற்குள் இழை எங்கேயோ போய்விட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: காற்று வரும் பக்கம் காற்றாலையின் தலை திரும்புவதை ஆங்கிலத்தில் 'யா' (yaw) என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> காற்றடிக்கும் பக்கம் காற்றாலையின் தலைப்பகுதி தானாகத் திரும்பும் அமைப்புக்கு 'வளிநோக்கி' என்று வைக்கலாம். 'திசைமாற்றி'யும் பொருந்தும்.

ஐயா, 'வளிநோக்கி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று பழகிவிட்ட நமக்கு 'நோக்கி' என்றாலே எதையோ பார்க்கிற கருவிதான் நினைவுக்கு வரும். அப்படிக் காற்றைப் பார்க்கிற கருவி அங்கே தனியாகவே இருக்கிறது, உச்சிப் பெட்டியின் (கோபுர உச்சியில் இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி, ஆங்கிலத்தில் nacelle) முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும் காற்றுத்திசைகாட்டி. பார்ப்பது அது, திருப்புவது வேறு. 'திசைமாற்றி' என்றால் எதன் திசையை? காற்றின் திசையையே மாற்றுகிற எந்திரம் என்று படிக்கிறவர் நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'யா' என்றே விட்டுவிடலாம் என்ற நண்பருக்கு: 'யா மோட்டார்' என்று எழுதினால் பழைய இலக்கணம் படித்தவர்கள் 'எவை மோட்டார்?' என்று கேட்பார்கள். என்னிடம் திருத்தத்துக்கு வந்த பயிற்சிக் கையேட்டில் இதைவிட மோசம், 'கொட்டாவி மோட்டார்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடி, yaw என்பது yawn (கொட்டாவி) ஆனதன் விளைவு.

சொல்லை விட்டுவிட்டு, இந்த வேலை எங்கே தேவைப்பட்டது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. கிழக்கு ஈரானில் நஷ்திஃபான் ஊர்ப் பழைய காற்றாலைகளுக்கு இந்த வேலையே கிடையாது. 'நூற்றிருபது நாள் காற்று' என்று பேர் வைக்கும் அளவுக்கு அங்கே கோடையில் ஒரே பக்கமிருந்து அடிக்கும். மண்சுவர் எழுப்பி, காற்று நுழைய ஒரு சந்து விட்டு, செங்குத்தாக நட்ட கம்பத்தில் மரப்பலகைகளைப் பூட்டிவிட்டால் கீழே திரிகைக்கல் சுற்றி மாவரைக்கும். இலங்கையில் சமனலவெவப் பக்கம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கியவர்களும் அப்படித்தான். மேற்குப் பார்த்த சரிவில் உலையை ஒரேயடியாகப் பருவக்காற்றுக்கு முகம் காட்டிக் கட்டிவிட்டார்கள், துருத்தி ஊத ஆள் வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பாவில் காற்று இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்காது. ஒற்றைத் தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் முழு ஆலைவீட்டையும், கல், மூட்டை எல்லாம் உள்ளே இருக்க, பின்னால் நீண்டிருக்கும் கட்டையைப் பிடித்துத் தள்ளித் திருப்பினார்கள். அப்புறம் உடம்பை அசையாமல் கட்டி, மேலே தொப்பியை மட்டும் திருப்புகிற மாதிரி வந்தது. நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் தாழ்நிலத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டிய ஆலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எனக்கு மிகவும் பிடித்தது 1745இல் எட்மண்ட் லீ என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. ஆலையின் பின்பக்கம், பெரிய இறக்கைகளுக்குக் குறுக்காக ஒரு குட்டி விசிறி. ஆலை காற்றுக்கு நேராக நிற்கும்வரை அது சும்மா இருக்கும், காற்று விலகினால் அதன்மேல் படும், உடனே சுற்றிப் பல்சக்கரங்களை ஓட்டி ஆலையைத் திருப்பும், நேரானதும் தானே அடங்கிவிடும். மின்சாரமும் கிடையாது, ஆளும் கிடையாது! அமெரிக்கப் பண்ணைகளில் கிணற்று நீர் இறைத்த சின்னக் காற்றாலைகளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை, ஒரு வால் போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு முப்பந்தலில் மின்சாரம் எடுக்க நிற்பவற்றிலும் நடப்பது அதே வேலைதான். கோபுர உச்சியில் ஒரு பல்வளையம், அதைக் கடித்தபடி சில மோட்டார்கள், திசைகாட்டி சொல்வதைக் கேட்டு அவற்றை ஓட்டும் கணினி, அவ்வளவுதான்.

போன ஆனியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒன்றின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். காற்றில் வேட்டியைப் பிடிப்பதா குறிப்பேட்டைப் பிடிப்பதா என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது மேலே 'உர்ர்' என்று ஓர் உறுமல் கேட்டது, தரையில் விழுந்த இறக்கை நிழல் மெல்ல ஒடுங்கியது. என்ன சத்தம் என்று கேட்டதற்கு, கூட வந்த பராமரிப்புத் தம்பி அண்ணாந்துகூடப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல சார், தலையத் திருப்புது" என்றார்.

தூத்துக்குடியில் 1986இல் காற்றாலை நட்டதிலிருந்து கணக்கிட்டால் இந்தத் தொழிலைத் தமிழில் பேசிச் செய்பவர்கள் இரண்டு தலைமுறை வந்துவிட்டார்கள். நாம் இங்கே உட்கார்ந்து புதிதாக அடிப்பதைவிட அவர்கள் வாயிலிருந்து எடுப்பது நல்லது. ஆகவே என் பரிந்துரை 'தலைதிருப்பி'. செயலுக்கு 'தலைதிருப்பல்', மோட்டாருக்கு 'தலைதிருப்பு மோட்டார்'. திரும்பாமல் பிடிக்கும் தடைக்கு முதலில் 'தலைப்பூட்டு' என்று எழுதினேன், மறுநாள் படித்தபோது எனக்கே 'தலைப்பு ஊட்டு' என்று தெரிந்தது. அது வேண்டாம், 'தலைத்தடை' போதும். காற்றுக்கும் தலைக்கும் உள்ள கோணப் பிசகு 'தலைவிலகல்'. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும், சில சுற்றுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க வேண்டும். அதற்கு 'முறுக்கவிழ்ப்பு'.

> விமானத்துக்கும் கப்பலுக்கும் இதே ஆங்கிலச் சொல்தானே? அங்கே தலை தனியாகத் திரும்புவதில்லையே.

உண்மைதான் அம்மா, அங்கே உடம்பே திரும்புகிறது. பல சமயம் வேண்டாத திசைக்கும் போகிறது. இங்கே உடம்பு நிற்க, வேண்டுமென்றே தலை மட்டும் திரும்புகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டது அவர்கள் வசதி. நாமும் அடக்கத்தான் வேண்டும் என்று ஏன்? கப்பலுக்கானதைக் கடலோரத்தில் கேட்டுப் பார்க்கலாம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு பக்கக் காற்றுக்கும் பேர் வைத்திருப்பவர்களிடம் படகு முகம் விலகுவதற்கு ஒரு சொல் இல்லாமலா போகும்?

(அரைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது அது எப்படி 'ஆலை' என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் கிளப்ப வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஊர்க்காரர்கள் காத்தாடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.)

கையேடு அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கிறது. காற்றாலையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாருக்காவது இருந்தால் ஒரு போன் போட்டு, அது திரும்பும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். 'தலைதிருப்பி'யைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள். உச்சிப் பெட்டிக்கான சொல்லுக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.