பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாடிவீட்டு மீனா:
எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் நான்காவது மாடியில் இருக்கிறோம். எங்கள் செவ்வந்திக்கு ஒன்றரை வயது, வாசற்படியைத் தாண்டியதே இல்லை. மாசி வரைக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. இந்த இரண்டு வாரமாகத் தலையணை, மடித்து வைத்த புடவை, எங்கே கை வைத்தாலும் முடி. வாலுக்கு மேலே முதுகை விடாமல் கடித்துக்கொள்கிறாள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தால் கிரில் கம்பிக்கு நடுவே தலையை விட்டுப் புறாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அடிவயிறு கலங்குகிறது. போதாததற்கு நான்கு நாளாக ராத்திரியில் குழந்தை அழுகிற மாதிரி கத்தல், தரையில் உருளல். மாமியார், "பாவம், கொஞ்ச நேரம் கீழே விட்டுட்டு வாயேன்" என்கிறார். பக்கத்து வீட்டில் நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்து, கழுத்தில் சொட்டு விடுவது, மீதி இருக்கிறதாம், தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?

வேப்பம்பூ:
மீனாக்கா, அந்த மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், நாய் அதைத் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. 4 வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் "நாய்க்கும் பூனைக்கும் ஒண்ணுதான்" என்று சொன்னதை நம்பி எங்கள் கருப்பனுக்குப் போட்டேன். சாயங்காலம் காது மட்டும் துடித்தது, ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன், அப்புறம் முன்னங்கால், அப்புறம் உடம்பு முழுக்க உதறல். துண்டில் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், 2 நாள் டிரிப்ஸ் ஏற்றித்தான் பிழைத்தான். யாருக்கும் அது வரக்கூடாது.

அரிப்பு தெள்ளுப்பூச்சியாலா என்று நீங்களே பார்த்துவிடலாம். பேன் சீப்பால் வால் அடியில் வாரி, வருகிற கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். மண் என்றால் அப்படியே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் செம்பழுப்பாகக் கசியும், அது குடித்த ரத்தம்தான். வெளியே போகாத பூனைக்கு எப்படி வரும் என்று கேட்காதீர்கள், நம் துணியிலும் செருப்பிலும் ஏறி வந்துவிடும், சென்னைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வருடம் முழுக்கப் பெருகும். இருந்தால் பூனைக்கென்றே உள்ள மருந்தை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார். ஒரு தடவை போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், முட்டையும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும், அதனால் மாதாமாதம் சில மாதம் தொடர வேண்டும், அவள் படுக்கிற துணியையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழு, நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் வருவது, அதையும் சொல்லுங்கள்.

மூன்று பூனைக்காரன்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ஜன்னலுக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிய பயம். பூனை எங்கே விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று சொல்லிச் சொல்லியே பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். நின்றாலும் தாடை உடையும், நெஞ்சில் அடிபடும். சாதாரண கொசுவலை அவள் நகத்துக்கு ஒரு நாள் தாங்காது. புறாவுக்கு அடிக்கிற நைலான் வலையை பால்கனிக்கு நாலு பக்கமும் கொக்கி போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு ஸ்டீல் வலை. அதுவரை ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காதீர்கள்.

ராத்திரிக் கத்தல் நோய் இல்லை, ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு வந்திருக்கிறாள். பகல் நீளும்போது பூனைக்கு இது அதிகமாகும், நம் ஊரில் பகல் எப்போதுமே பெரிதாகக் குறையாததால் ஏறக்குறைய எல்லா மாதமும் வரும். ஒரு வாரம் இருந்து அடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். இந்த நிலையில் கீழே விட்டால் ஒன்பது வாரத்தில் குட்டிதான், கூடவே தெருப்பூனைச் சண்டை, கடி. மாமியாரிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். கருத்தடை செய்வதுதான் அவளுக்கு நிம்மதி, ஹீட் அடங்கியதும் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். செலவு யோசனையாக இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், பூனைகளைக் கொல்கிற பான்லூகோபீனியா வைரஸ் நம் செருப்போடு வீட்டுக்குள் வரும்.

பெசன்ட்நகர் காற்று:
ஒன்று விட்டுப்போச்சு. பங்குனியில் கல்யாணம், வரவேற்பு என்று பொக்கே வீட்டுக்கு வரும். அதில் லில்லி இருந்தால் வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மேலே கொட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும், பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும், ஜாடித் தண்ணீரும் விஷம். தொட்டியில் செங்காந்தள் வைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் முடி கொட்டுகிறதே என்று மொட்டை அடிக்கவேண்டாம், தினம் பத்து நிமிஷம் வாரினால் போதும், இல்லாவிட்டால் அதையெல்லாம் நக்கி விழுங்கி உருண்டையாக வாந்தி எடுப்பாள். மண்சட்டியில் தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில், சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், என் வீட்டில் அப்படி வைத்த பிறகுதான் ஒழுங்காகக் குடிக்கிறது. பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, ஃபேன் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம்.

மாடிவீட்டு மீனா:
டிஷ்யூ செம்பழுப்பாகத்தான் ஆனது, கை நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர்களுக்கும் இந்த விஷயம் தெரியாது. வலைக்காரர் சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார், நாளைக் காலை வேப்பேரி. மாமியாரிடம் நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். செவ்வந்தி இப்போது அவர் மடியில்தான் கிடக்கிறாள்.