மறு: மறு: 'லேன்' – தடமா, முனையா, நிரையா?

நண்பர்களே,

அட்டை ஆட்ட விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்து, முதல் பக்கத்திலேயே 'லேன்' (lane; ஆட்டக் களத்தைப் பிரிக்கும் பட்டை) வழிமறித்து நிற்கிறது. அதற்குத் தமிழாக இதுவரை நீங்கள் சொன்னவற்றில் 'வழித்தடம்' என்றதும் எனக்குப் பேருந்து எண்தான் நினைவுக்கு வருகிறது. 'முனை' மிடுக்கான சொல். ஆனால் மும்முனைப் போட்டி என்றால் தேர்தல் செய்தி படித்துப் பழகியவர் மூன்று பேர் மோதுவதாக நினைப்பார். இங்கே மோதுவது இரண்டே பேர், பல இடங்களில். 'தடம்' மோசமில்லை. ஆனால் தடம் என்றால் அதில் எதுவோ போகவேண்டும். இந்த ஆட்டத்தில் இறக்கிய அட்டை பெரும்பாலும் இறக்கிய இடத்திலேயே நின்று அடிக்கிறது.

போன ஞாயிறு கோத்தகிரியில் விடாத மழை, கரண்ட்டும் இல்லை. கைபேசி அணைந்துபோன பிள்ளைகளுக்காகத் திண்ணையில் சாக்கட்டியால் ஐந்து பட்டை கிழித்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டி, 2016இல் வந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் சோம்பீஸ் ஹீரோஸ்' ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். இடது ஓரப் பட்டை மேடு, நடுவில் மூன்றும் தரை, வலது ஓரம் தண்ணீர்; நீரில் நிற்கத் தெரிந்த அட்டையைத்தான் அங்கே இறக்கலாம். ஒருவர் சோம்பி (நடைபிணம்) பக்கம், மற்றவர் செடிப் பக்கம். சோம்பி முதலில் ஆளை இறக்கும். அதைப் பார்த்துச் செடிக்காரர் இறக்குவார். பிறகு சோம்பி தன் தந்திர அட்டைகளைப் போடும். அப்புறம் இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகச் சண்டை. எதிரே ஆள் இருந்தால் ஒன்றையொன்று அடிக்கும். இல்லையென்றால் அடி நேராக எதிராளியின் தலைவன் மேல் விழும். தலைவனுக்கு உயிர் 20.

பக்கத்து வீட்டுப் பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இங்கும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. திடீரென்று, "ஏம்ப்பா, அந்தக் கடைசி நெரையில ஆளே காணமே, அவன் நேரா உள்ள வந்துருவானே?" என்றார்.

விதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நெரை, எழுத்தில் நிரை. காலையில் கங்காணி பிரித்துக் கொடுக்க, ஆளுக்கொரு நிரை பிடித்துக் கூடையோடு கொழுந்தெடுத்துப் போவார்கள். பக்கத்து நிரையில் கை நீட்டினால் அன்றைக்குச் சண்டைதான். ஒரு நிரைக்கு ஒரு ஆள், ஆள் இல்லாத நிரை அப்படியே கிடக்கும். நமக்கு வேண்டியது இதுதானே?

> பாடநூலில் நிரை என்பது கிடைவரிசை, நெடுவரிசைக்கு நிரல். ஆட்டத்தில் பட்டை நம்மிடமிருந்து எதிராளி பக்கம் ஓடுகிறதே? குழப்பாதா?

நியாயமான கேள்வி ஐயா. அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குப் போடுகிறவர் ஒரு நொடி தயங்குவார்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய தோட்டத்தில் சாலையில் நின்று பார்த்தால் நிரை நம் காலடியிலிருந்து சரிவின் மேலே ஓடும். மேசையில் அட்டை விரிகிற விதமும் அதுவே. யாப்பில் நிரையசை இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும், சீட்டு மேசையில் யாரும் அலகிடப் போவதில்லை.

> 2022இல் வந்த மார்வெல் ஸ்னாப் அட்டை ஆட்டத்துக்கும் இதையே போடலாமா? மூன்று இடம், ஆறு சுற்று, பக்கத்துக்கு நான்கு அட்டை.

வேண்டாம் என்றே நினைக்கிறேன். அங்கே அட்டைகள் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வதில்லை. ஓரிடத்தில் யாருடைய மொத்த வலு அதிகமோ அந்த இடம் அவருக்கு, மூன்றில் இரண்டைப் பிடித்தவர் வெற்றி. அதற்கு 'இடம்' போதும். ஒரே சொல்லை எல்லாவற்றின் தலையிலும் கட்டவேண்டியதில்லை.

விதிநூலின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"களத்தில் ஐந்து நிரைகள் உண்டு. உங்கள் முறையில் ஆளை ஏதாவதொரு நிரையில் இறக்குங்கள். எதிராளி ஆள் வைத்திருக்கும் நிரையை நீங்கள் வெறுமையாக விட்டால், அந்த அடி உங்கள் தலைவனுக்கு."

பிள்ளைகள் 'வெறும் நெரை' என்றே கத்துகிறார்கள். அதையும் கலைச்சொல்லாகச் சேர்க்கலாமா?