ஜாம்பி வந்தால் எங்கே கூடுவது? ஷெஃபீல்டிலிருந்து ஒரு பதில்

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். வாத்தியார் வீட்டு மூத்த பெண் எழுதுகிறேன், ஷெஃபீல்டிலிருந்து. குழுவில் வருவதையெல்லாம் படிப்பேன், எழுதுவது அபூர்வம். இது கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டல்லாஸ் மாமா, தன் பையன் கேட்ட கேள்வியை இங்கே போட்டிருந்தார். உலகம் முழுக்க ஜாம்பி நோய் பரவினால் நாம் எல்லோரும் ஊருக்கே போய்விடலாமா என்று. அதற்கு வந்த முப்பது நாற்பது பதிலையும் படித்தேன். யார் தோட்டத்துக் கிணறு வற்றாது, யார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் உயரம், அரிசி மில்லை யார் பார்த்துக்கொள்வது என்று ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூர் அத்தை "எல்லையில முள்ளு வெட்டிப் போட்டு வெளியாள் ஒருத்தனையும் உள்ள விடக்கூடாதுங்க" என்று எழுதியதைப் படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில், இதே கேள்வி நிஜமாகவே வந்து நின்ற ஊர் ஒன்று இருக்கிறது. அவர்களும் எல்லையை அடைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்தபடி, வெளியே இருப்பவர்களுக்காக அடைத்தார்கள்.

ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டினால் இயாம் என்று வரும், அங்கிருப்பவர்கள் ஈம் என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை காதில் விழுந்தபோது ஈமக்கடன் என்ற சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது 2021 ஜூலை, அப்பா போய் இரண்டு மாதம். வீட்டுக்குள் இருக்க முடியாமல் பஸ் ஏறிப் போயிருந்தேன். டெர்பிஷையரில் மலைச்சரிவில் சாம்பல் நிறக் கல்வீடுகள், வாசலில் பூந்தொட்டிகள், சில வீடுகளின் முன்னால் மட்டும் ஒரு பலகை. அந்த வீட்டில் யார் யார், எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும்.

1665இல் லண்டனில் பிளேக் ஆட்களை வாரிக்கொண்டு போன சமயம், அங்கிருந்து இந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று, அங்கே வேலைக்கிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து நெருப்புப் பக்கத்தில் காயப்போட்டார். மூட்டையோடு தெள்ளுப்பூச்சியும் வந்திருந்தது என்கிறார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி அவர் இறந்தார். அப்புறம் அந்த வீட்டில், அடுத்த வீட்டில், எதிர் வீட்டில். குளிர்காலத்தில் சற்று அடங்கி, 1666 கோடையில் மறுபடி பிடித்துக்கொண்டது.

அந்த ஜூனில்தான் அந்த முடிவை எடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சின்ன வயதுக்காரர், வந்து இரண்டு வருஷம்தான், ஊர் அவரோடு ஒட்டவில்லை. ஊர் மதித்தது அவருக்கு முன்னால் இருந்த தாமஸ் ஸ்டான்லியை. 1662இல் வந்த சட்டப்படி அரசு சொன்ன வழிபாட்டு முறைக்குத் தலையாட்ட மாட்டேன் என்றதால் பதவி இழந்தவர். நம் ஊரில் கோயில் விவகாரத்தில் இரண்டு பெரியவர்கள் எத்தனை வருஷம் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள் என்று தெரியுமே, அப்படி இருக்க வேண்டியவர்கள் இவர்கள். ஆனால் சேர்ந்து நின்று ஊரிடம் மூன்று விஷயம் கேட்டார்கள். செத்தவர்களை அவரவர் குடும்பமே வீட்டுப் பக்கத்தில் புதைத்துக்கொள்வது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தில் வெட்டவெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று தொழுவது. மூன்றாவது, நோய் அடங்கும் வரை ஒருவரும் எல்லை தாண்டுவதில்லை. பக்கத்து ஊர்களுக்கு நம்மால் நோய் போகக் கூடாது என்று.

ஊர் சரி என்றது. எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்? சாட்ஸ்வொர்த் அரண்மனையிலிருந்த டெவன்ஷையர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பினார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சாமானைக் கொண்டுவந்து எல்லையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள், அவர்கள் போன பிறகு ஈம் ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மேட்டில் ஒரு ஊற்று இருக்கிறது, அங்கே ஓடுகிற தண்ணீரில் காசைப் போட்டுவிடுவார்களாம். கீழே ஸ்டோனி மிடில்டன் என்ற ஊருக்குப் போகும் பாதையில் எல்லைக்கல். நம் ஊர் எல்லைக்கல் மாதிரி நட்டு நிற்காது, புல்வெளியில் பசு படுத்திருப்பது போலக் கிடக்கும் ஒரு பாறை. அதன் மேல் ஆறு குழி. குழியில் வினிகர் ஊற்றி அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள், காசில் ஒட்டிய நோய் செத்துவிடும் என்று. நான் போன அன்று குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது, பார்க்க வந்த யாரோ போட்ட செம்புக் காசுகள் அடியில் கிடந்தன. ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஓரம் ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று இருந்தது. கொண்டுவந்து வைத்த பக்கத்து ஊர்க்காரர்களை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, அதுதான் எனக்குக் குறை. அவர்கள் வராமல் போயிருந்தால் உள்ளே இருந்தவர்கள் பசியிலேயே எல்லை தாண்டியிருப்பார்கள்.

ஊரைத் தாண்டி ரைலி என்ற இடத்தில், மேய்ச்சல் காட்டு நடுவே வட்டமான ஒரு சின்னக் கல்சுவர், அதற்குள் கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற அம்மாள் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் தன் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே புதைத்தார். கூட ஒரு கை இல்லை. தொற்றிவிடக் கூடாது என்று, காலில் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், குழியும் தானே வெட்டி. எதிர் மேட்டிலிருந்து ஸ்டோனி மிடில்டன் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று சொல்வார்கள். அவர்களால் வர முடியாது, வரவும் கூடாது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. 2021 மேயில் அலைபேசித் திரையில் நான் நின்றதும் அப்படித்தான்.

டல்லாஸ் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், செத்தவர் எழுந்த கதையும் அந்த ஊரில் உண்டு. மார்ஷல் ஹவ் என்று ஒருவர், நோய் வந்து பிழைத்தவர், இனி தனக்கு வராது என்ற தைரியத்தில் புதைக்க ஆளில்லாத வீடுகளுக்கு அவர்தான் போவார். கூலியாக அந்த வீட்டுச் சாமானை எடுத்துக்கொள்வார் என்பதால் அவர்மேல் ஊருக்குக் கோபமும் இருந்தது. அன்வின் என்பவர் செத்துவிட்டார் என்று குழி வெட்டி வைத்துவிட்டு, உடலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, அந்த உடல் வாயைத் திறந்து குடிக்கக் கொஞ்சம் சூடான பால் கேட்டதாம். அங்கே பாலைக் காய்ச்சி மதுவில் திரித்துக் கொடுக்கும் ஒரு பானம் உண்டு, நோயாளிகளுக்குக் கொடுப்பது. கொடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார் என்று கதை. இதை ஊரில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எழுந்தவர் யாரையும் கடிக்கவில்லை தம்பி, பால்தான் கேட்டார்.

எல்லாரும் ஒரே மாதிரி கஷ்டப்பட்டார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். வசதியான சிலர் முன்பே வண்டி கட்டிப் போய்விட்டார்கள். மாம்பெசனும் தன் பிள்ளைகளை முன்னாலேயே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரின் மட்டும் போக மாட்டேன் என்று அவரோடு இருந்து, ஆகஸ்ட் கடைசியில் இறந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, பதினான்கு மாதத்தில் 260 பேர் போயிருந்தார்கள். ஊரின் ஜனத்தொகையே 350தான் என்பது பழைய கணக்கு, 700 பக்கம் இருக்கும் என்பது பின்னால் வந்த ஆய்வு. எதுவாக இருந்தாலும் சின்ன ஊர்.

இது ஏதோ வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால், பகலில் எங்கே போனாலும் ராத்திரிக்கு எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும் என்று அம்மிச்சி எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். வேப்பிலை, மஞ்சள் தண்ணி, எல்லை எல்லாமே அம்மை கண்ட ஊர் கற்றுக்கொண்டதாகத்தான் எனக்கு இப்போது படுகிறது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது குடிசைக்கு, போய்விடுவார்களாம், அம்மிச்சியின் அம்மா காலத்துப் பேச்சு. தெள்ளுப்பூச்சி எலியோடு வீட்டுக்குள் இருப்பதால் அது சரியான யோசனையும்கூட. எலி செத்தால் அதன் மேல் இருந்த தெள்ளு அடுத்த உடம்பைத் தேடும், அது மனித உடம்பாக இருக்கும். ஈம்காரர்களுக்கு இது தெரியாது, அந்த வீடுகளுக்குள்ளேயே இருந்தார்கள்.

இப்போது அப்பா விஷயம். நெருங்கினவர்களுக்குத் தெரியும், இங்கே எழுதியதில்லை.

2021 ஏப்ரல் 23இலிருந்து இந்தியா இங்கே கொரோனாவுக்கான பயணக் கட்டுப்பாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருந்தது. என் சின்னவளுக்கு அப்போது எட்டு மாதம். மே மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல், படுக்கை கிடைக்காமல் இரண்டு இடம் அலைந்து, மூன்றாவது இடத்தில் சேர்த்து, ஆறாம் நாள் முடிந்துவிட்டது. அம்மா வீட்டில் தனியாக, அவருக்கும் காய்ச்சல். உடலை ஊருக்குள் கொண்டுவரலாமா கூடாதா என்று பேச்சு எழுந்தது. அதில் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை, பயம் அப்படி. அப்போது நான்கு பையன்கள் வந்து நின்றார்கள். பால் வண்டி ஓட்டும் தம்பி, தேங்காய் போடும் இரண்டு பேர், கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த ஒரு பையன். நான்கு பேரும் அப்பாவிடம் படித்தவர்கள்.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. உச்சி வெயிலில் பிளாஸ்டிக் கவச உடை, ஒருவனுக்கு அக்குளில் கிழிந்துபோய், அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். பங்காளி வீட்டு அண்ணன் பத்தடி தள்ளி நின்று கொள்ளி வைத்தார். முடிந்ததும் நான்கு பேரும் மோட்டார் ரூம் தொட்டியில் குளித்து, துணியை அங்கேயே எரித்துவிட்டு, வீட்டுக்குப் போகவில்லை. பதினான்கு நாள் தோப்புச் சாளையிலேயே படுத்துக்கொண்டார்கள். அவர்கள் அம்மாக்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வேலிக் கல்காலில் மாட்டிவிட்டுப் போவார்கள். போன பிறகு பையன்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதே நாட்களில் எங்கள் அம்மாவுக்கு ரசமும் இட்லியும் ஜன்னல் திட்டில் வந்துகொண்டிருந்தது, யார் வைத்தார்கள் என்று அம்மாவுக்கே பாதி நாள் தெரியாது. ஈமில் அந்தப் பாறையைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்கால்தான் கண்ணில் நின்றது.

சரி, எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், ஊர் முகப்பில் வளைவு கட்ட நிதி சேர்க்கிறோம் என்று சங்கத்திலிருந்து மடல் வந்திருக்கிறது. வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. நம் ஊரில் பிள்ளைகள் எல்லாம் வெளியே இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? எங்கள் தெருவில் மட்டும் நான் எண்ணியதில் பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி யாரிடம், என்ன மாத்திரை, ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட்டால் வருவார், சொந்தக்காரர் வர முடியாவிட்டால் காரியத்துக்கு யார் நிற்பது, எல்லாம் எழுதி ஊரில் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஓடிவருகிற பையன்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் தவணையைச் சங்கம் கட்ட வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அன்று காப்பீடு இல்லை, எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று தூங்கவில்லை.

டல்லாஸ் மாமா, தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஊருக்குப் போகலாமா என்றால் என் பதில், நோய் நம்மிடம் இல்லை என்று தெரிந்தால் போகலாம், இருந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். அத்தை, முள் வெட்டிப் போடலாம், ஆனால் கல்காலில் தூக்கு மாட்ட ஓர் இடம் விட்டுவைப்போம்.

அடுத்த ஞாயிறு நடக்கும் ஜூம் கூட்டத்தில் வளைவுக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வருஷக் காப்பீட்டுத் தவணை நான்கு பேருக்கும் என் பொறுப்பு. எங்கள் தெருவின் பதினோரு வீட்டு விவரத்தை அம்மா எழுதத் தொடங்கிவிட்டார்கள், அப்பாவின் பழைய வருகைப் பதிவேட்டில் காலியாக இருந்த பக்கங்களில். மற்ற தெருக்களுக்கு யார் எழுதுவீர்கள் என்று மட்டும் பதில் போடுங்கள். எங்கள் வீட்டுச் சாவி பால் வண்டித் தம்பியிடம் இருக்கிறது.

அன்புடன்,
வாத்தியார் வீட்டு மூத்தவள்
ஷெஃபீல்டு